பழைய டிராக்டர் வாங்குமுன் காது கொடுத்துக் கேளுங்கள்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மணப்பாறைச் சந்தைக்கோ அந்தியூர்ச் சந்தைக்கோ உழவு மாடு வாங்கப் போகும் நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வாயைத் திறந்து பல் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுக் கால் வைக்கும் விதத்தைக் கவனிப்பார்கள். முடிந்தால் வண்டியில் பூட்டிப் பாரம் இழுக்கச் செய்வார்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்கள். அதே குடும்பத்துப் பிள்ளைகள் இன்று மாட்டைப் போலப் பல மடங்கு விலை கொடுத்துப் பழைய டிராக்டர் வாங்கப் போகிறார்கள். புதிதாக அடித்த வண்ணத்தையும் பளபளக்கும் டயரையும் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் முன்பணம் கொடுத்துத் திரும்பி விடுகிறார்கள்.

நகையை அடகு வைத்தோ, கடன் பெற்றோ வாங்கிய டிராக்டர், நடவுக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் பணிமனையில் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தால், இழப்பு பழுதுச் செலவோடு நிற்பதில்லை. பருவமும் போய்விடுகிறது. ஆகவே பழைய டிராக்டரை எப்படிச் சோதித்து வாங்குவது, அது எழுப்பும் ஓசைகளைக் கொண்டு உள்ளிருக்கும் பழுதை எப்படி அறிவது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

உங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு போகம், போகத்திற்கு நான்கு சால் உழவு, சால் ஒன்றுக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்றால், மொத்தம் 40 மணி நேர வேலைதான் ஆகிறது. டிராக்டரின் செலவைக் கணக்கிடும்போது ஆண்டுக்கு 1000 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம். எனவே சிறு விவசாயி ஒருவர் டிராக்டர் வாங்குவது பக்கத்து நிலங்களில் வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டுமே கட்டுப்படியாகும். அந்த எண்ணம் இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரையோ, ஊரில் உள்ள வாடகை டிராக்டரையோ பயன்படுத்திக்கொள்வதே நலம். வாடகைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தால் நடுவழியில் நிற்காத வண்டி வேண்டும். அப்போதுதான் சோதனையின் அவசியம் இன்னும் கூடுகிறது.

அந்த வண்டி இதுவரை என்ன வேலை செய்தது?

விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். நஞ்சை நிலத்தில் கேஜ் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டியில் பின் அச்சு, ஆயில் சீல்கள், முன்சக்கர பேரிங்குகள் ஆகியவற்றில் சேற்று நீர் புகுந்திருக்கும். செங்கல், மணல் ஏற்றிய டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அது சாலையில் அதிகம் ஓடிய வண்டி என்று அறியலாம். ரோட்டவேட்டர் ஓட்டிய வண்டியில் பி.டி.ஓ. தண்டையும் அதற்குரிய கிளட்சையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது நின்று போயிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்மானம், இருக்கை, ஸ்டியரிங் வளையம், இணைப்புக் கம்பிகளின் துளைகள் ஆகியவை பொய் சொல்வதில்லை. 800 மணி என்று மீட்டர் காட்டி, மிதியின் வரிகள் மழுங்கி வழவழப்பாக இருந்தால் எதை நம்புவது என்பது உங்களுக்கே விளங்கும்.

உதிரிப் பாகம் அருகில் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். பிஞ்சூரில் எச்.எம்.டி. டிராக்டர் தயாரித்து வந்த தொழிற்சாலையை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. இப்படி உற்பத்தி நின்ற வண்டிகள் நல்ல உழைப்பாளிகளாக இருக்கலாம். ஆனால் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அதற்கு வாட்டர் பம்பும் கிளட்சும் கிடைக்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

எப்போது போவது, யாருடன் போவது?

காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது போங்கள். "நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் கிளம்பாத வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. அன்று திரும்பிவிட்டு வேறொரு நாள் போகலாம். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விற்பவரோ தரகரோ ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம். கையில் ஒரு வெள்ளைத் துணி, ஒரு டார்ச் விளக்கு, ஒரு நீண்ட திருப்புளி இருந்தால் போதும்.

கிளப்புமுன் பார்க்க வேண்டியவை

வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஆயில், டீசல், தண்ணீர் சொட்டிய கறை எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே பழுது இருக்கிறது. புது வண்ணம் அடித்திருந்தால் கிளட்ச் கூடு, கியர் பெட்டி, முன் அச்சு ஆகிய இடங்களில் வெல்டிங் செய்த தழும்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் அளவுக்கு மேல் ஏறி, டீசல் நாற்றம் அடித்தால் டீசல் உள்ளே கசிகிறது. வழக்கத்திற்கு மாறாகத் தேன் போல் கெட்டியாக இருந்தால், உள்ளே எழும் ஓசையை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கலாம். ரேடியேட்டர் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரின் மேல் ஆயில் ஏடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பலரும் மறந்துவிடும் சோதனை ஒன்று உண்டு. காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள குழாயைக் கழற்றி உட்புறம் விரலால் தடவுங்கள். அங்கே மண் தூசி ஒட்டினால், அந்த எஞ்சின் மண்ணை உண்டு வந்திருக்கிறது. பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் தேய்ந்திருக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

கிளப்பும்போது கவனிக்க வேண்டியவை

கியர் நடுநிலையிலும், பி.டி.ஓ. இணைப்பு நீங்கிய நிலையிலும் இருக்கட்டும். மேல்துண்டைக் கழற்றி வையுங்கள். வேட்டியை மடித்து இறுகக் கட்டுங்கள். விசிறிப் பட்டையும் பி.டி.ஓ. தண்டும் துணியைப் பிடித்தால் ஆளை விடாது.

நல்ல பேட்டரி உள்ள, நல்ல எஞ்சின் ஆறிய நிலையிலும் சில சுற்றுகளில் பிடித்துக்கொள்ளும். வெகுநேரம் சுற்றிப் பிறகு பிடித்தால் அமுக்கம் குறைவு அல்லது டீசல் அமைப்பில் கோளாறு. ஆயில் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். காலைக் குளிரில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நின்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்திருக்கிறது. பாரம் இழுக்கும்போது கரும்புகை திரளாக வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் கோளாறு அல்லது டீசல் மிகையாகச் செல்வது காரணமாகலாம். கரும்புகையைப் பெரும்பாலும் குறைந்த செலவில் சரி செய்யலாம். நீலப்புகைக்குப் பெரும்பாலும் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. ரயில் எஞ்சின் போலக் குப்குப்பென்று புகை தள்ளினால், வெடிப்பின் அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள்.

ஓசை சொல்லும் சேதி

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். ஓசைகளை மூன்று நிலைகளில் கேட்க வேண்டும்: எஞ்சின் ஆறியிருக்கும்போது, நன்கு சூடான பிறகு, பாரம் ஏற்றிய பிறகு. ஒரே ஓசை இந்த மூன்று நிலைகளில் எப்படி மாறுகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின் உடலில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்தால் ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பது தெளிவாகக் கேட்கும். சுழலும் பாகங்களின் அருகில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

தையல் இயந்திரம் ஓடுவது போன்ற மெல்லிய 'டிக் டிக்' ஓசை எஞ்சினின் மேற்பகுதியில் கேட்டால், அது டேப்பட் இடைவெளி கூடியதால் வருவது. இடைவெளியைச் சரி செய்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். இதற்காக அஞ்ச வேண்டாம்.

முன்பக்கம் கீச்சென்றோ கரகரவென்றோ ஓசை வந்தால், எஞ்சினை நிறுத்தி விசிறிப் பட்டையைத் தளர்த்தி, மீண்டும் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். ஓசை நின்றுவிட்டால் பழுது பட்டையிலோ, வாட்டர் பம்பிலோ, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரிலோ இருக்கிறது; இவற்றைச் சரி செய்வது எளிது. பட்டையைத் தளர்த்தியும் ஓசை தொடர்ந்தால் உள்ளே உள்ள டைமிங் கியர்களை ஐயப்பட வேண்டும்.

ஆறிய எஞ்சினில் குழிவான 'தட தட' ஓசை கேட்டு, சூடானதும் குறைந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கிறது. வண்டி இன்னும் சில காலம் ஓடும். ஆனால் விலையில் அதற்குக் கழிவு வேண்டும். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இந்த ஓசை உங்கள் காதில் விழவே விழாது. காலையில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சினை நடுத்தர வேகத்திற்கு உயர்த்தி, சட்டென்று விடுங்கள். வேகம் இறங்கும்போது 'டக் டக்' என்று சுத்தியல் தட்டுவது போலக் கேட்டால், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். வேகத்தைச் சட்டென்று உயர்த்தும்போதோ, பாரம் இழுக்கும்போதோ எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து 'தொம் தொம்' என்று கனத்த ஓசை எழுந்தால், அது மெயின் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். இதனோடு சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கும் மினுக்கினால் ஐயமே வேண்டாம். இந்த இரண்டு ஓசைகளும் எஞ்சினை முழுவதும் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்கின்றன.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. கெட்டுப்போன நாசிலும் இதேபோல் உலோகம் தட்டும் ஓசை எழுப்பும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரித்தறிய வழியுண்டு. நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொரு சிலிண்டராக மெக்கானிக் தளர்த்திப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது ஓசை மாறுகிறதோ அங்கேதான் பழுது. அந்தச் சிலிண்டரின் நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டி, அங்குள்ளதை இங்கே மாட்டிப் பாருங்கள். ஓசையும் நாசிலோடு இடம் மாறினால் பழுது நாசிலில். ஓசை பழைய இடத்திலேயே நின்றால் பழுது உள்ளே.

இதில் ஓர் எச்சரிக்கை. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும் வேகம் உடையது. விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அத்தகைய வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காமன் ரெயில் டீசல் அமைப்பு வந்துள்ளது. அவற்றில் அழுத்தம் மிக மிக அதிகம். அந்த வண்டிகளின் டீசல் குழாயை யாரும் தளர்த்தவே கூடாது. நிறுவனப் பணிமனையில் கருவி கொண்டு சோதிப்பதே முறை.

கிளட்சும் கியரும்

கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்ச் மிதியை அழுத்துங்கள். அழுத்தும்போது ஓசை பிறந்தால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாறாக, மிதியை விட்டிருக்கும்போது ஓசை இருந்து, அழுத்தினால் நின்றால், கியர் பெட்டியின் முன் தண்டுப் பேரிங்கில் பழுது. எந்தப் பேரிங் என்றாலும் வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். ஆகவே பிரிக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஓட்டும்போது எல்லாக் கியரிலும் ஊளையிட்டால் பேரிங் தேய்வு; ஒரே கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்கள் தேய்வு. நேராகப் போகும்போது ஓசையின்றி, திரும்பும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலில் பழுது. சக்கரம் சுற்றும் கணக்கிற்கு ஏற்ப 'டக்... டக்...' என்று ஒரே சீராகத் தட்டினால் பின் அச்சில் ஒரு கியர்ப் பல் உடைந்திருக்கலாம். அதற்குமுன் டயர் வரியில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாரம் இழுக்கும்போது கியர் தானாக நழுவினால் அதைச் சிறு குறை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கியர் பெட்டியின் அடி நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயில் பிடித்துப் பாருங்கள். மைபோன்ற சாம்பல்நிறப் பொடி இருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் வந்தால் பல் உடைந்திருக்கிறது. மரத்தூள் வந்தால், ஓசையை மறைக்கச் செய்த பழைய தந்திரம் அது. வெளுத்த ஆயில் வந்தால் சேற்று நீர் புகுந்திருக்கிறது. பல மாடல்களில் ஹைட்ராலிக் அமைப்புக்கும் இதே ஆயில்தான் என்பதால், கேடு இரண்டு இடத்திலும் இருக்கும்.

பாரம் ஏற்றிப் பாருங்கள்

சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி, நிலத்தில் அரை மணி நேரமாவது உழ வேண்டும். எஞ்சின் சூடு மிஞ்சுகிறதா, ஓசை மாறுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல், சக்கரமும் சுழலாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

உழவு முடிந்ததும் கலப்பையை முழு உயரத்திற்குத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பையின் கீழ் யாரும் நிற்கக்கூடாது. சிறிது சிறிதாக இறங்குவது பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஓரிரு நிமிடத்தில் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு. தூக்கும்போது பம்பு ஊளையிட்டால் வடிகட்டி அடைப்போ, காற்று புகுவதோ, பம்புத் தேய்வோ காரணம்.

பிரேக் மிதிகள் இரண்டையும் பூட்டி, வெறும் சாலையில் மெதுவாகப் போகும்போது அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்த வண்டியைச் சரி செய்யாமல் சாலையில் எடுக்கக் கூடாது. முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங், கிங்பின் தேய்மானத்தையும் பாருங்கள். பின்டயர்கள் விலையுயர்ந்தவை. வரியின் உயரத்தோடு பக்கவாட்டு வெடிப்பையும் கவனியுங்கள்.

கடைசியாக, சூடாக இருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள். காலையில் கிளம்பிய வண்டி நண்பகலில் சண்டி செய்வது உண்டு.

காகிதமும் கவனமும்

எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் பதிவுச் சான்றோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். அடித்துத் திருத்திய அடையாளம் இருந்தால் அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள். பதிவுச் சான்றில் வங்கியின் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35ம் வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்திட வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு உண்டா என்று பாருங்கள்.

'பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இரு தரப்புக்கும் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விலை பேசும் முறை

சோதனையில் கண்ட குறைகளை ஒரு தாளில் மூன்று பிரிவாக எழுதுங்கள். டேப்பட் ஓசை, விசிறிப் பட்டை, நாசில், பேட்டரி போன்றவை முதல் பிரிவு. இவற்றுக்காக வண்டியைத் தள்ள வேண்டாம். கிளட்ச், டயர், ஹைட்ராலிக் கசிவு, பிஸ்டன் தேய்வு ஆகியவை இரண்டாம் பிரிவு. இவற்றைச் சரி செய்ய ஆகும் செலவை, கூலியும் சேர்த்து, உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுச் சொன்ன விலையில் கழியுங்கள். மெயின் பேரிங் ஓசை, உடைந்த கியர்ப் பல், வெல்டிங் போட்ட கூடு, மாற்றிய எண் ஆகியவை மூன்றாம் பிரிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், சிறு விவசாயிக்கு அந்த வண்டி ஆகாது.

வாங்கும் விலை முழுவதையும் கையில் உள்ள பணத்தின் எல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு சோதித்தாலும் பழைய வண்டியில் சில பழுதுகள் பிறகே வெளிப்படும். அதற்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் விலை.

உழவுப் பருவம் தொடங்கிய பின் அவசரத்தில் வாங்காமல், கோடையில் வேலை ஓய்ந்த நாட்களில் நான்கு வண்டிகளைப் பார்த்து ஒன்றை வாங்குங்கள். முன்பணம் கேட்டு அவசரப்படுத்துபவரிடம், "ஒருமுறை உழுது பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். நல்ல வண்டியை விற்பவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.